இருபது ஆண்டுகளாக நான் தேடும் பேஸ் கிட்டார்

சென்ற மாதம் என் பழைய ஒலிபெருக்கிகளில் தாழ்ந்த ஒலியைத் தரும் வூஃபர்களைச் சுற்றியிருந்த நுரைவளையம் உதிர்ந்துபோனதால், இரண்டையும் பழுதுபார்த்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் போட்டது புல்லட் ஃபார் மை வாலண்டைன் என்ற மெட்டல் இசைக்குழுவின் முதல் ஆல்பமான ‘தி பாய்சன்’. 2006-இல் வாங்கிய குறுந்தகடு அது. அதன்பின் எத்தனையோ கருவிகளில் அதைக் கேட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் நான் தேடியது ஜேசன் ஜேம்ஸ் வாசித்த, தாழ்ந்த சுருதிகளை ஒலிக்கும் பேஸ் கிட்டாரை. இம்முறை வூஃபர்கள் நன்றாகவே அதிர்ந்தன, காலால் அடிக்கும் கிக் டிரம்மின் ஒவ்வோர் அடியும் நெஞ்சில் விழுந்தது, பேஸ் கிட்டாரை மட்டும் காணவில்லை.

அதே வாரத்தில், ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த மெட்டல்கோர் இசையைக் கேட்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், இந்த ஆல்பத்தை இசைத்தட்டாக வாங்கலாமா, இசைத்தவர்களில் பாதிப் பேர் இப்போது குழுவிலேயே இல்லையே என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் மனக்குறையைச் சொல்லும் முன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். வேல்ஸ் நாட்டின் பிரிட்ஜெண்டிலிருந்து வந்த நால்வர் 2005 அக்டோபரில் வெளியிட்ட இந்த ஆல்பத்தில், பழைய ஹெவி மெட்டலின் இரட்டைக் கிட்டார் இன்னிசையும், ஹார்ட்கோரின் அலறலும், ஒருமுறை கேட்டாலே நாவில் ஒட்டிக்கொள்ளும் பல்லவிகளும் ஒன்றையொன்று கெடுக்காமல் சேர்ந்திருக்கின்றன. ‘டியர்ஸ் டோன்ட் ஃபால்’ பாடலின் தொடக்கக் கிட்டாரை நான் ஆயிரம் முறையாவது கேட்டிருப்பேன். இன்றும் அது வரும்போது கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன். அந்தப் பாடலில் கிட்டார்கள் அடங்கி ஒலிக்கும் சரணத்தில் பேஸ் தெளிவாகவே நடந்து வருகிறது. பல்லவி வந்து கிட்டார்கள் முழு வேகத்தில் எழுந்ததும், வெள்ளத்தில் மூழ்கிய படித்துறைபோல அது மறைந்துவிடுகிறது.

காரணம் புரியாமல் இல்லை. கிட்டாரின் தடித்த கம்பியை வழக்கமான ஈ சுருதியிலிருந்து சி வரை தளர்த்தி வாசிக்கிறார்கள். டிராப் சி என்பது இதுதான். வழக்கமாக ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் முடியும் கிட்டார் இதனால் 65 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, பேஸ் கிட்டாரின் எல்லைக்குள் கால் வைக்கிறது. பேஸ் அதற்கும் ஓர் ஆக்டேவ் கீழே, அதாவது அதில் பாதியான 33 ஹெர்ட்ஸ் அருகே போனாலும், அவ்வளவு தாழ்ந்த ஒலியை வீட்டு ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் எட்டுவதில்லை. எஞ்சிய இடத்தைக் கிக் டிரம் எடுத்துக்கொள்கிறது. கார்கஸ் போன்ற குழுக்களோடு பணியாற்றிய காலின் ரிச்சர்ட்சன்தான் தயாரிப்பாளர். கிட்டார்களுக்கு இத்தனை கூர்மை தந்தவரை நான் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூர்மைக்கு விலை கொடுத்தவர் ஜேம்ஸ் என்பதை என்னால் மறக்கவும் முடியவில்லை.

இந்தக் குழுவில் அதிகம் கைமாறிய இடமும் பேஸ் கலைஞருடையதே என்பதுதான் என்னை மேலும் வருத்துகிறது. ஜெஃப் கில்ட் ஜான் என்ற பழைய பெயரில் இயங்கியபோது பேஸ் வாசித்த நிக் கிராண்டில் 2003-இல் விலக, ஜேம்ஸ் வந்தார். 2015-இல் அவரும் விலகினார். அவ்வாண்டு வெளிவந்த ‘வெனம்’ ஆல்பத்தில் பாடகர் மாட் டக் தாமே பேஸ் வாசித்தார், பிறகு ஜேமி மதயாஸ் சேர்ந்தார். டிரம்மர் மைக்கேல் தாமஸ் குழந்தைப் பிறப்புக்காக 2016-இல் விடுப்பெடுத்தபோது சுற்றுப்பயணத்துக்கு மட்டும் வந்த ஜேசன் பௌல்ட், பின்னர் அந்த இடத்திலேயே நிலைத்துவிட்டார். ஆக, 2005-ஆம் ஆண்டின் நால்வரில் இன்று இருப்பவர்கள் டக்கும் கிட்டார் கலைஞர் மைக்கேல் பேஜெட்டும் மட்டுமே.

ஆனால் ஆல்பத்தில் கேட்காத பேஸ் கலைஞரை மேடையில் கேட்காமல் இருக்க முடியாது. அலறலில் பெரும்பங்கு அவருடையது. டக் தொண்டைக் கோளாறால் அவதிப்பட்டு, இரண்டாம் ஆல்பத்துக்கு முன்பே டான்சில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்; இனிய பல்லவியையும் அலறலையும் ஒரே தொண்டை இரவுதோறும் தாங்காது. 2025 தொடக்கத்தில் ட்ரிவியம் என்ற மெட்டல் குழுவுடன் சேர்ந்து இந்த ஆல்பத்தை முழுமையாக வாசித்த சுற்றுப்பயணத்தின் பதிவுகளைப் பார்த்தபோது, மதயாஸ் வாய் திறந்த இடங்களில்தான் பாடல்கள் இளமையாக இருந்தன. ஆள் மாறியதால் இந்தப் பாடல்களுக்குக் கேடு ஒன்றும் வரவில்லை என்று நண்பருக்கு உறுதியாகச் சொன்னேன்.

இசைத்தட்டை மட்டும் வாங்க வேண்டாம் என்றேன். இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது அவருக்கு விளங்கவில்லை. இருபது ஆண்டுகள் தேடியும் கிடைக்காத ஒன்றை அவரும் காசு கொடுத்துத் தேட வேண்டாம் என்றுதான் சொன்னேன். அதற்குப் பதிலாக, 2006 ஜனவரியில் லண்டன் பிரிக்ஸ்டன் அரங்கில் பதிவான மேடை நிகழ்ச்சியைப் பார்க்கச் சொன்னேன். அதில் ஜேம்ஸ் இருக்கிறார், கண்ணுக்கும் தெரிகிறார். அப்படியானால் என் குறுந்தகட்டையாவது சில நாள் தர முடியுமா என்று நண்பர் கேட்டார். தர மறுத்துவிட்டேன்.