எதிர்வாதத்துக்கு எங்கே இடம்? மருத்துவ அறவியல் ஆய்விதழ்கள் மூன்று

மருத்துவ அறவியலுக்கு எந்த ஆய்விதழைப் படிக்கலாம் என்று கேட்டால் பலரும் மேற்கோள் எண்ணிக்கையைத்தான், அதாவது அதன் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான், எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அந்தக் கணக்கில் பிடிப்பில்லை. மறுத்துப் பேசுபவருக்கு இதழ் எங்கே இடம் தருகிறது என்றுதான் பார்ப்பேன்.

1971-இல் தொடங்கிய 'ஹேஸ்டிங்ஸ் சென்டர் ரிப்போர்ட்' நம்மை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். 1975-இல் அதில் வந்த ஒரு நிகழ்வாய்வு: எரிவாயு வெடித்து உடலின் பெரும்பகுதி வெந்துபோன இளைஞர். பார்வையும் போய்விட்டது. புண்ணைக் கழுவும் வேதனை தாங்காமல், சிகிச்சையை நிறுத்திச் சாகவிடுங்கள் என்கிறார். தெளிந்த புத்தியோடுதான் கேட்கிறார் என்கிறார் மனநல மருத்துவர். அந்த இளைஞர் பிழைத்து, பின்னாளில் வழக்கறிஞரும் ஆனார். ஆனாலும் அன்று தன்னைச் சாக விட்டிருக்க வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளவே இல்லை. ஓரிரு பக்கச் செய்தி, படித்தவரைத் தூங்கவிடாது.

பிரிட்டனின் 'ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எத்திக்ஸ்' (1975) வேறு ரகம். கட்டில் இல்லை, தர்க்கம் மட்டும். கருக்கலைப்பை ஏற்கும் காரணங்கள் பிறந்த சிசுவுக்கும் பொருந்தும் என்ற கட்டுரையை 2012-இல் வெளியிட்டது. கட்டுரையாளர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. இதழாசிரியர் அசையவில்லை, மறு ஆண்டு அதே விவாதத்துக்கு ஓர் இதழையே ஒதுக்கினார். துணிச்சல்தான். ஆனால் முதல் கட்டுரையை மட்டும் படித்துவிட்டுக் கொதித்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டு காத்திருந்திருப்பார்கள்?

இந்தக் குறை 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பயோஎத்திக்ஸ்' (2001) இதழில் இல்லை. ஒரு முதன்மைக் கட்டுரை. அதே இதழில் அதை வெட்டியும் ஒட்டியும் குறுமறுமொழிகள். முதன்மைக் கட்டுரையைப் படித்ததும் என் ஆட்சேபத்தை ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் பக்கம் புரட்டுவேன். பெரும்பாலும் யாரோ ஒருவர் அதை என்னைவிடக் கூர்மையாகச் சொல்லியிருப்பார். அரைத்த மாவையே அரைப்பவர்களும், தலைப்பை விட்டுவிட்டுத் தம் சொந்தச் சரக்கை விற்பவர்களும் உண்டு; அவர்களைத் தாண்டிப் போகலாம்.

நூலகச் சந்தா இல்லாவிட்டால் மூன்றிலும் பெரும்பகுதி பூட்டிய கதவுதான். 'பிஎம்சி மெடிக்கல் எத்திக்ஸ்' எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் வெளியீட்டுக் கட்டணம் எழுதுபவர் தலையில் விழும்.

படிக்கத் தொடங்குபவருக்கு ஹேஸ்டிங்ஸையே கொடுப்பேன். எழுதத் துடிப்பவர் 'அமெரிக்கன் ஜர்னல்' இதழுக்கு ஒரு குறுமறுமொழி அனுப்பிப் பார்க்கட்டும். பிரிட்டன் இதழை, வாதத்தின் எந்தப் படியில் பிழை என்று விரல் வைத்துக் காட்டப் பழகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.