செத்த பற்றரி காப்பாற்றித் தந்த 62 பக்கம்

"நீ வைச்சிருக்கிற அதே மொடல் லப்டொப் இப்ப விலை குறைஞ்சிருக்காம், வாங்கலாமோ?" என்று நண்பர் ஒருவர் கேட்டு ஒரு கிழமையாகிறது. வட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் போட்டு முடித்திருக்கலாம். போன வெள்ளிக்கிழமை நடந்த சங்கதிக்குப் பிறகு அப்படிச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

2021 இல் வாங்கியது. எட்டு ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் என்ற கதையெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். நான் சொல்ல வருவது கீபோர்டைப் பற்றி. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிற பழைய எழுத்துரு. அதில் அடிக்கிறவர்களுக்குத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிச் (;) சாவியில் இருக்கிறது. தமிழில் ஒரு பக்கம் அடித்தால் வலது சின்ன விரல் அந்த ஒரு சாவியை எத்தனை நூறு தரம் குத்தும் என்று எண்ணிப் பாருங்கள். என் பழைய லப்டொப்பில் முதலில் செத்ததே அந்தச் சாவிதான். இதில் நாலு வருடமாகியும் அசையவில்லை. எழுத்து மட்டும் தேய்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். யூனிகோட் வந்து எவ்வளவு காலமாயிற்று, இன்னும் பாமினியா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் பக்கத்தில் அச்சகத்துக்குக் கொடுக்கிற வேலை பெரும்பாலும் அதில்தான் கேட்கிறார்கள், என் விரலும் அதில்தான் பழகியது.

இனி எரிச்சல். பற்றரி.

நியாயமாகச் சொன்னால், 2022 இல் அது என்னைக் கைவிடவில்லை. இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்திலும் ஐந்து மணி நேரம் தாக்குப்பிடித்தது. நாளுக்கு நாள் அடிமட்டம் வரை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, அதன் ஆயுளை நான்தான் தின்றேன் போலிருக்கிறது. அடுத்த வருடமே செத்துப்போனது. சார்ஜரைக் கழற்றினால் அந்தக் கணமே திரை கறுப்பு. வயர் காலில் தட்டுப்பட்டாலும் கறுப்பு. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தாவி நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்கும் நான் ஒரு கல்வெட்டுக்கு, செத்தவர் நினைவாக அச்சடிக்கிற சிறு புத்தகத்துக்கு, எழுத்துப்பிழை திருத்திக்கொண்டுதான் இருந்தேன்.

ஏன் மாற்றவில்லை என்று கேட்கலாம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறிய பிறகு, பற்றரி விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தவன் நான். பழைய லப்டொப்களில் கீழே இருக்கிற இரண்டு கொளுவியைத் தள்ளினால் பற்றரி கையோடு வரும். இதில் பத்து ஸ்குரூ கழற்ற வேண்டும். மெல்லிசாகச் செய்கிறோம் என்று இப்படிப் பூட்டி வைத்தவனை இரண்டு வருடமாக மனதுக்குள் திட்டிக்கொண்டே அடித்தேன்.

சரி, வெள்ளிக்கிழமைக் கதை. எங்கள் சனசமூக நிலைய ஆண்டு மலரை நான்தான் தட்டச்சு செய்கிறேன். கனடாவிலிருந்து ஒருவர் பனையைப் பற்றிய கட்டுரையை ஒரு சிப் (zip) பைலுக்குள், அதாவது சுருக்கிக் கட்டிய பொதிக்குள், வைத்து அனுப்பியிருந்தார். அதை வெளியே பிரித்தெடுக்காமல், சிப்புக்குள்ளேயே இரண்டு தரம் தட்டித் திறந்தேன். அப்படித் திறந்தால் விண்டோஸ் ஒரு பிரதியைத் தன் தற்காலிகக் கோப்புறையில், அந்த 'டெம்ப்' என்பதில், வைத்துத்தான் காட்டும். சேமிக்கப் போனபோது வேர்ட் எங்கே என்று கேட்டது. பார்க்காமல் என்டரைத் தட்டினேன். அதற்குப் பிறகு மூன்று கிழமை, வேர்ட்டின் 'ரீசன்ட்' பட்டியலில் இருந்தே திறந்து, மற்றக் கட்டுரைகளையும் அதற்குப் பின்னாலேயே சேர்த்து, 62 பக்கம் ஆக்கிவிட்டேன். குப்பைத்தொட்டிக்குள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளி மாலை ஏழு மணிக்குக் கரண்ட் போனது, திரை கறுத்தது. அன்று வந்த ஆத்திரத்தில், அடுத்த நாளே யாழ் நகரில் ஒரு கடையில் கொண்டுபோய்ப் புதுப் பற்றரி போட்டேன். கடைப் பொடியன் நல்லெண்ணத்தில், "அண்ணை, இடமும் கொஞ்சம் துப்புரவாக்கி விட்டிருக்கு, இனிப் பறக்கும்" என்றான். வீட்டுக்கு வந்து ரீசன்ட்டைத் தட்டினால், கோப்பு அந்த இடத்தில் இல்லையாம்.

ரீசைக்கிள் பின்னில் இல்லை. டெம்ப்பைத் துப்புரவாக்கினால் அது அந்த வழியாகப் போகாது. ரெக்குவாவை ஓடவிட்டேன். பழைய லப்டொப்பில் ஒரு முறை ஒரு திருமண அழைப்பிதழையே மீட்டுத் தந்த செயலி அது. இதில் வந்த பைல்களைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அதன் மேல் குற்றமில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழித்த பைலின் பெயர்தான் அடிபடும், உடம்பு அதே இடத்தில் கிடக்கும், மேலே வேறு ஏதும் எழுதப்படும் வரை. எஸ்எஸ்டியில் அப்படியில்லை. பைலை அழித்ததும் விண்டோஸ் 'ட்ரிம்' என்ற கட்டளையை அனுப்பிவிடும், இந்த இடம் இனித் தேவையில்லை என்று. டிஸ்க் தன்பாட்டில் கூட்டித் துடைத்துவிடும். நாலு வருடமாக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் 'பத்து செக்கனில் எழும்பும்' என்று நான் புளுகிய அதே எஸ்எஸ்டி.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற மருமகளுக்கு, தங்கையின் மகள், கம்பஸில் கணினி படிக்கிறாள், போன் எடுத்தேன். "மாமா, வேர்ட்டில 'ரிக்கவர் அன்சேவ்ட் டொகியுமென்ட்ஸ்' பாத்தனீங்களோ?" பார்த்தேன், வெறுமை. "அது ஒருக்காலும் சேவ் பண்ணாத பைலுக்கு. நீங்கள் சேவ் பண்ணினது, அது வேற இடம்." சொன்ன வழியில் போனேன்: மறைந்திருக்கும் கோப்புறைகளைக் காட்டச் சொல்லி, ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசொப்ட், வேர்ட். அங்கே ஏஎஸ்டி என்று முடிகிற ஒரே ஒரு பைல், வேர்ட் தானாக எடுத்து வைக்கிற மீட்புப் பிரதி. வெள்ளி மாலை 6.52.

அதைத் திறக்கக்கூடப் பயம். பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

அவளுடைய லப்டொப்பில் திறந்தாள். முகம் விழுந்துவிட்டது. "மாமா, இது பழுதாப்போச்சு. முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கு. முதல் வரியில ஜி, ஐ, டி எண்டு ஏதோ ஐடி நம்பர் மாதிரி."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். ஜி என்றால் ப. ஐ என்றால் ஐகாரக் கொம்பு. டி என்றால் ன. "பிள்ளை, அது நம்பர் இல்லை. பனை."

அவளுடைய லப்டொப்பில் பாமினி எழுத்துருவே இல்லை. இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்பத் திறந்ததும், அந்த அரைப்புள்ளிக் காடு அப்படியே ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டுமாக எழும்பி நின்றது. 62 பக்கமும் வந்தது. கடைசி எட்டு நிமிடத்தில் அடித்த ஒரு பந்தி மட்டும் இல்லை.

இதில் என்னைக் குடைகிற விசயம் ஒன்று. வேர்ட்டை ஒழுங்காக மூடினால் அந்த மீட்புப் பிரதியை அது தானே அழித்துவிடும். கரண்ட் போய் அந்தரித்து நின்றபடியால்தான் அது அங்கே கிடந்தது. பற்றரி நல்லதாக இருந்திருந்தால் நான் வடிவாக மூடிவிட்டு, சாப்பிட்டுப் படுத்திருப்பேன். பைலும் போயிருக்கும், பிரதியும் போயிருக்கும். இரண்டு வருடம் நான் திட்டிய சனியன்தான் மலரைக் காப்பாற்றியது. (பற்றரி நல்லதாக இருந்தால் கடைக்கே போயிருக்கமாட்டாய் என்கிறாள் மனைவி. அதுவும் சரிதான். ஆனால் டெம்ப் என்றைக்கோ ஒருநாள் துப்புரவாகத்தான் செய்யும்.)

வேர்ட் அந்தப் பிரதியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்தான் எடுக்கும், நாம் மாற்றாவிட்டால். ஒப்ஷன்ஸ் போய், சேவ் என்ற பகுதியில் இரண்டு நிமிடம் ஆக்கியிருக்கிறேன். சிப்பில் வருகிறதை இப்போது முதலில் பிரித்தெடுக்கிறேன். மலர் ஒவ்வொரு இரவும் பென் ட்ரைவுக்குப் போகிறது.

நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கீபோர்ட் அருமை. வேகம் அருமை. திரை வெயிலில் தெரியாது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் சரி, பத்து ஸ்குரூவுக்குள் பற்றரியைப் பூட்டி வைத்திருக்கிற சாமானுக்கு நான் ஆள் சேர்த்துவிடமாட்டேன். புதுப் பற்றரி இப்போது ஐந்து மணி நேரம் நிற்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். நிற்கிறது. அதனால் என்ன.

நண்பர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து நேரில் பார்க்கிறேன் என்றிருக்கிறார். என்னுடையதை விற்கிற எண்ணம் உண்டோ என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் போடவில்லை. வந்தால் அரைப்புள்ளிச் சாவியை அமத்திப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.