டி2 அடிக்கக் கொடுக்கலாமா? ராணிப்பேட்டை ஃபோர்ஜிங் பட்டறை ஒன்றின் மதிப்பீடு

சிப்காட் பக்கம் எஃகைச் சூடாக்கிக் கூலிக்கு அடித்துத் தரும் பட்டறை இது. ஷூ பக்கிள் வெட்டும் டைக்கு (வெட்டு அச்சுக்கு) டி2 என்னும் கருவி எஃகில் பிளாக் தேவைப்படும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆலையில் உருளைகளுக்கிடையே அழுத்தி உருட்டிய பார் என்றால் நம்பிக் கொடுக்கலாம். உருக்கி ஊற்றிய வார்ப்புக் கட்டி என்றால் ஆள் கூடவே நிற்க வேண்டும்.

டி2-வில் கார்பன் சுமார் 1.5, குரோமியம் 12 சதவீதம். வார்ப்பில் கடைசியாக உறையும் திரவம் எஃகின் படிக மணிகளைச் சுற்றிக் கார்பைடு (கார்பனும் குரோமியமும் சேர்ந்த கடினப் பொருள்) வலையாக நின்றுவிடும். அடித்தால் முதலில் நொறுங்குவதும், சூடு மிஞ்சினால் முதலில் உருகுவதும் அந்த வலைதான். உருட்டிய பாரில் வலை ஏற்கெனவே உடைந்து வரிவரியாகக் கிடப்பதால் அது அடி தாங்கும்.

சூடேற்றுவதில் இவர்களிடம் குறை சொல்ல முடியாது. 650–700 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாக ஏற்றி, உள்ளும் புறமும் ஒன்றாகும் வரை நிறுத்தி, அப்புறம்தான் 1050–1080. சூடு அளவு மிஞ்சிய டி2 சம்மட்டிக்கடியில் அச்சுவெல்லம் போல உதிரும். ஆறவைத்து அடித்தாலும் மீளாது. 950-க்கு இறங்கியதும் மறுபடி உலைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சிக்கல் அடியில்தான். வார்ப்புக்கு முதல் இரண்டு மூன்று சூட்டில் லேசான அடி, திருப்பித் திருப்பி, மூலைகளை முதலில் தட்டி எட்டுப்பட்டையாக்க வேண்டும். இங்கே எடுத்த எடுப்பில் முழு அடி. மூலையில் நகக்கண் அளவு பிளவு விட்டால் உடனே கிரைண்டரில் எடுக்க வேண்டும். அப்படியே உலையில் போட்டால் அடுத்த அடியில் உள்ளே ஓடும். வேகமான கன அடியில் நடுப்பகுதி தானாகவே சூடேறி, வலை உருகி, மையம் வெடிப்பதும் உண்டு. வெளியே வழவழப்பாகவே இருக்கும் என்பதால் வார்ப்பில் அடித்த பிளாக்கை அல்ட்ராசோனிக் (உள்வெடிப்பைக் காட்டும் ஒலியலைச் சோதனை) பார்க்காமல் மெஷினில் ஏற்றாதீர்கள்.

ஆற்றுவதிலும் கவனம் போதாது. காற்றிலேயே இறுகும் எஃகைச் சிமென்ட் தரையில் போட்டால் சில மணி நேரம் கழித்துக்கூட வெடிக்கும். காய்ந்த சுண்ணாம்பிலோ சாம்பலிலோ முழுக்கப் புதைக்கச் சொல்லுங்கள், கேட்டால் செய்கிறார்கள். அனீலிங் (சூடாக்கி மெல்ல ஆற்றி மென்மையாக்குவது) 870–900-ல், பிறகு மணிக்கு 10–20 டிகிரிதான் இறங்க வேண்டும். அதன்பின் கடினத்தன்மை 255 பிரினலுக்கு மேல் வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

வார்ப்பையும் பாரையும் ஒரே லோடில் அனுப்ப வேண்டாம். பெயின்ட் குறி உலையில் எரிந்துவிடும்; அதன்பின் எது எது என்று யாருக்கும் தெரியாது.