சுங்கை சிப்புட் இரும்புக் கடையில் ஒரு போர்க்களம்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மேசையில் சின்னப் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுக்கு, சதுரத் துண்டுகளாக மாற்றி மாற்றி அடுக்கும் டெரெய்ன் (போர்க்களத் தரை) செய்ய ஈப்போவுக்கு ஓட வேண்டாம். கூரைத் தகரமும் மண்வெட்டியும் விற்கிற உள்ளூர் இரும்புக் கடையிலேயே முக்கால்வாசிச் சாமான் கிடைக்கிறது.

முதலில் போம். வெறுமனே "போம்" என்றால் மீன் பெட்டி வெள்ளைப் போலிஸ்டைரின்தான் வரும். அறுத்தால் மணி மணியாக உதிரும். கூரைக்கடியில் சூடு தடுக்கப் போடும் எக்ஸ்பிஎஸ் (மணியில்லாத கெட்டிப் போம்) பலகை என்று கேளுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், ஓரத்தில் மணி தெரியக்கூடாது. 600 x 1200 மில்லிமீட்டரில் 25 மில்லிமீட்டர் தடிப்புப் பலகை ஒன்று வாங்கினால் 300 மில்லிமீட்டர் சதுரம் எட்டு விழும். மூன்று பலகைக்கு 24 சதுரம், 1800 x 1200 மேசை. ஆறடிக்கு நாலடி மேசையைவிட மூன்று சென்டிமீட்டர்கூடக் குறையாது. சுவரில் சாய்த்து வைத்த பலகையை எடுக்காதீர்கள், வளைந்திருக்கும். கடைத் தரையில் கிடத்திப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். கட்டர் கத்தியால் இரும்பு ரூலரை ஒட்டி மூன்று முறை மெதுவாக இழுக்கவும். போம் பிய்ந்து வந்தால் அலகு மழுங்கிவிட்டது என்று பொருள். அலகின் நுனியில் ஒரு துண்டு ஒடித்துவிட்டுத் தொடருங்கள்.

ஒவ்வொரு போம் சதுரத்துக்கும் அடியில் ஒட்டும் அடிப்பலகைக்கு 3 மில்லிமீட்டர் எம்டிஎப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை). இது இல்லாவிட்டால் சதுரம் எடையின்றி வழுக்கும், மூலையும் நசுங்கும். 2440 x 1220 பலகையில் நீளத்தில் எட்டு, அகலத்தில் நாலு என 32 சதுரம் எடுக்கலாம். ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மில்லிமீட்டர் தின்றாலும் இடம் இருக்கிறது. இந்தக் கடையின் பெரிய குறை இந்த வெட்டும் வேலைதான். ஒவ்வொரு கோட்டையும் டேப் வைத்துத் தனித்தனியாகக் குறிக்கிறார்கள். சதுரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஆறு சதுர வரிசையில் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி வாய் பிளக்கும். ஒரே தடுப்புக்கட்டையைப் பொருத்தி அத்தனையையும் அதில் முட்டி வெட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பசை என்றதும் மஞ்சள் செருப்புப் பசை டின்னை நீட்டுவார்கள். வாங்காதீர்கள், அதிலுள்ள கரைப்பான் போமைக் குழியாக்கிவிடும். சூப்பர் குளூவும் ஸ்பிரே பெயிண்டும் அதே கதைதான். வெள்ளை மரப்பசை போதும். ஆனால் போம் காற்றை விடாது. நம் ஊர் ஈரத்தில் நடுப்பகுதி காய இரண்டு நாள் பிடிக்கும். அதுவரை மேலே செங்கல் இருக்கட்டும்.

காய்ந்ததும் வெள்ளைப் பசையும் கறுப்பு எமல்ஷன் பெயிண்டும் சமபங்கு கலந்து பிரஷ்ஷால் இரண்டு பூச்சு, பக்கவாட்டையும் சேர்த்து. தரை மாதிரித் தெரிய மேலே ஒட்டும் மணலும் பசையும் காயும்போது சுருங்கி ஓரங்களைத் தூக்கும். அதனால் எம்டிஎப் அடிப்பக்கத்துக்கும் அதே கலவையைப் பூசுங்கள். இரு பக்கமும் சமமாக இழுக்கும், பலகை வளையாது.

ஆற்றுப் பள்ளம் வெட்ட ஒரே ஒரு அட்டை அச்சு வைத்துக்கொள்ளுங்கள்: 75 மில்லிமீட்டர் அகலம், விளிம்பின் சரிநடுவில், 8 மில்லிமீட்டர் ஆழம். அப்போதுதான் எந்தச் சதுரத்தைத் திருப்பி வைத்தாலும் ஆறு ஒட்டும். குன்றைச் சரிவாகச் செதுக்கினால் அழகு, ஆனால் பொம்மை நிற்காது. படிப்படியாக வையுங்கள், பொம்மையின் 32 மில்லிமீட்டர் வட்டத் தட்டு உட்கார ஒவ்வொரு படிக்கும் 40 மில்லிமீட்டர் அகலம் வேண்டும்.

பாறைக்குக் கடையில் விற்கும் அலங்காரக் கல் வீண் செலவு, எடையும் கூட. தோட்டத்து மண் ரோட்டில் கொட்டியிருக்கும் செம்பனைக் கொட்டை ஓடு ஒரு பிடி போதும். உடைந்த விளிம்பு அசல் பாறை மாதிரியே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டினால் பெயிண்ட் தோலாக உரியும், அதனால் பாத்திரச் சோப்பில் கழுவி ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். புதருக்குத் தேங்காய் நார்.

சதுரங்களைப் பிணைக்கச் சின்னக் காந்தம் இந்தக் கடையில் இல்லை. வெளியே வாங்கினால் ஒவ்வொரு விளிம்பையும் வெளியிலிருந்து பார்த்து இடது பக்கம் வடமுனை, வலது பக்கம் தென்முனை வெளியே தெரிய எபாக்சிப் பசையால் ஒட்டுங்கள். எந்த விளிம்பும் எந்த விளிம்போடும் சேரும். நம் கணிப்பில் இதற்கு அவசியமே இல்லை. மலிவுச் சாமான் கடையில் விற்கும் வழுக்காத ரப்பர் வலை விரிப்பை மேசையில் போட்டால் பலகை அசையாது.

மதிப்பெண்: எக்ஸ்பிஎஸ் பலகைக்கு ஐந்துக்கு நாலரை, எம்டிஎப்க்கு மூன்று, வெட்டும் வேலைக்கு ஒன்றரை.