'அசல் முண்டு மிளகாய் விதை' கவர்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஆவணி பிறந்தால் போதும், 'அசல் ராமநாதபுரம் முண்டு, பாரம்பரிய நாட்டு விதை' என்று போனில் விளம்பரம் வர ஆரம்பித்துவிடும். போன பருவத்தில் அப்படி ஒருவரிடம் வாங்கி ஏமாந்தோம். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றுவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம். கடற்கரை மணல் என்பதால் செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து மேட்டுப்பாத்தி போட்டிருந்தோம். கவரைப் பிரித்தால் விதையெல்லாம் ரோஸ் கலர், தொட்டால் விரலில் ஒட்டுகிறது. வீட்டில் பழத்திலிருந்து எடுக்கும் விதை வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். மருந்து கலந்த கம்பெனி விதைக்குத்தான் இப்படிச் சாயம் போடுவார்கள். கேட்டதற்கு, "அது இயற்கை மருந்து மேடம்" என்றார்.

செடி நன்றாகவே வந்தது. அதுதான் இதில் உள்ள கொடுமை. காய் பிடிக்கும் வரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தை மாதம் பார்த்தால் காய் விரல் நீளம், நுனி கூர். முண்டு உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். காய்ந்தபின் ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். அத்தை ஒரு காயைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது சம்பாகூட இல்லத்தா, ஏதோ ஹைபிரிட்" என்றார். சம்பா என்பது நீளக் காய் மிளகாய் ரகம்.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "உங்கள் மண் உப்பு மண், அதனால் காய் நீண்டுவிட்டது" என்று பதில். உப்பு ஏறினால் செடி குன்றும், காய் சிறுக்கும். உருண்டைக் காய் எங்கேயாவது நீளுமா? அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். பணம் போனால் போகிறது, ஒரு வடகிழக்குப் பருவமழை போய்விட்டதே. அதை யார் திருப்பித் தருவது?

கவரில் புவிசார் குறியீடு என்று பெரிதாகப் போட்டிருந்தது. 2023 பிப்ரவரியில் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு அது கிடைத்தது உண்மைதான். ஆனால் அது இங்கே விளையும் மிளகாய்க்குக் கிடைத்த அங்கீகாரம்; கவருக்குள் இருக்கும் விதைக்கு உத்தரவாதம் இல்லை. விதைக்குப் பார்க்க வேண்டியது பின்பக்க லேபிள்: ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி, காலாவதி தேதி, விற்பவரின் முகவரி. எங்கள் கவரில் ஒரு போன் நம்பர் மட்டும்தான். முகவரி இல்லாத கவரைத் தொடாதீர்கள்.

நாட்டு விதை வேண்டும் என்றால் காயைப் பார்த்து வாங்குவதே நல்லது. மாசி, பங்குனியில் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் தெரிந்த சம்சாரியிடம் (விவசாயியிடம்) நன்றாகப் பழுத்த பழமாகக் கேளுங்கள். பக்கத்து வயலில் சம்பாவோ ஹைபிரிட்டோ இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். மிளகாயில் தேனீயால் மகரந்தம் கலந்துவிடும். அப்படிக் கலந்த விதை அடுத்த வருடம் வேறு காய் காட்டும்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் கவர், பணம் அனுப்பிய ரசீது, காயின் படம் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம். நானும் கொடுத்திருக்கிறேன்.