டிசைன் பேட்டர்ன் கத்துக்க வீடியோ கோர்ஸா, கோட் ரிவ்யூவா?

காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் சின்ன கம்பெனில சேர்ற பசங்க இதையேதான் கேக்குறாங்க, அதான் எழுதிடலாம்னு. டிசைன் பேட்டர்ன்னா கோட்ல அடிக்கடி வர்ற பிரச்சனைக்கு பழகிப்போன தீர்வு. கோட் ரிவ்யூன்னா நாம எழுதுன கோட சீனியர் பாத்து திருத்தம் சொல்றது.

செலவு: வீடியோ யூடியூப்லயே ஃப்ரீயா கொட்டிக்கெடக்கு. ரிவ்யூக்கு ஃபீஸ் இல்ல, ஆனா சீனியரோட நேரம் போகும்.

வசதி: வீடியோவ பஸ்லயே பாத்துக்கலாம். ரிவ்யூக்கு ஆள் வேணும், அந்தாளுக்கு பொறுமையும் வேணும்.

மனசுல நிக்கிறது: இங்கதான் மேட்டரே. 1994ல வந்த "டிசைன் பேட்டர்ன்ஸ்" புக்குல இருக்குற 23 பேட்டர்னையும் வீடியோல வரிசையா பாத்துட்டு கண்ட எடத்துல சிங்கிள்டன் (ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான்னு வெக்கிற பேட்டர்ன்) போட்டு வெப்பாங்க, அப்புறம் டெஸ்ட் எழுத முடியாம முழிப்பாங்க. ரிவ்யூ அப்படி இல்ல. தோல் கம்பெனி பில்லிங் சாஃப்ட்வேர்னு வைங்க, கிரேடுக்கு ஒரு ரேட், எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு ரேட்னு இஃப் எல்ஸ் நீண்டுகிட்டே போகும், சீனியர் அத காட்டி "ஒவ்வொரு ரேட் கணக்கையும் தனி கிளாஸா பிரிச்சிடுப்பா"ன்னு சொன்னா ஸ்ட்ரேட்டஜி பேட்டர்ன்னா இன்னான்னு அன்னிக்கே புரிஞ்சிடும். ரெண்டே ரேட்தான்னா இஃப் எல்ஸே போதும்னும் அவரே சொல்வாரு, வீடியோல அத எவன் சொல்றான்?

இன்டர்வியூவுக்கு பேரும் டயக்ராமும் வேணும்னா வீடியோ. வேலைல இருந்தா ரிவ்யூதான். டீம்ல நீங்க ஒரே ஆளுன்னா வேற வழியில்ல, வீடியோவ பாத்துட்டு உங்க பழைய கோட்லயே ஒண்ணொண்ணா போட்டு பாருங்க.