குயின்ஸா, ஹாலேயா: விம்பிள்டனுக்கு முன்னால் எதைப் பார்ப்பது?

ஜூன் நடுவில் வரும் ஒரு வாரம் எனக்கு வருஷா வருஷம் திண்டாட்டம். பாரிஸின் செம்மண் ஆட்டங்கள் முடிந்திருக்கும், விம்பிள்டன் தொடங்க இன்னும் நாள் இருக்கும். அந்த இடைவெளியில் லண்டன் குயின்ஸ் கிளப்பிலும் ஜெர்மனியின் ஹாலேயிலும் ஒரே வாரத்தில் இரண்டு புல்தரைப் போட்டிகள். இரண்டுமே 2015-லிருந்து ஏடிபி 500 தகுதி உள்ளவை (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சுற்றான ஏடிபியில் ஜெயிப்பவருக்கு 500 தரவரிசைப் புள்ளி தரும் போட்டிகள்), அதனால் ஜெயிப்பவருக்குக் கிடைக்கும் புள்ளிகளும் சமம். வீரர் ஏதாவது ஒன்றில்தான் ஆட முடியும். வீட்டில் ஒரே டிவி இருக்கிற ரசிகனும் ஏதாவது ஒன்றைத்தான் பார்க்க முடியும்.

நான் ஃபெடரர் ரசிகன். அவர் ஆடிய காலம் முழுக்க என் ஜூன் மாதம் ஹாலேவுக்கு எழுதிக் கொடுத்தது. ஆனாலும் புல்தரை டென்னிஸைப் புதிதாகப் பார்க்க வரும் ஒருவர் என்னிடம் ஒன்றைச் சொல்லச் சொன்னால், குயின்ஸ் என்றுதான் சொல்வேன். அந்த முடிவுக்கு வர எனக்குப் பல வருடம் ஆயிற்று.

முதலில் ஹாலேவுக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெஸ்ட்ஃபாலியா பகுதியில் இருக்கும் சின்ன ஊர் அது. போட்டி தொடங்கியது 1993-ல்தான். கெர்ரி வெபர் என்ற ஆடை நிறுவனத்தின் பெயரில் கால் நூற்றாண்டு நடந்தது. அங்கே உள்ள பெரிய அதிசயம் கூரை. மழை தூறினால் 88 விநாடியில் மூடிக்கொள்ளும். விம்பிள்டன் சென்டர் கோர்ட்டுக்கே 2009-ல்தான் கூரை வந்தது. இந்தச் சிற்றூர் அதைத் தொண்ணூறுகளிலேயே போட்டுவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் என்ற நிச்சயத்தை ஹாலே தருகிறது. குயின்ஸில் மைய ஆடுகளத்துக்குக் கூரை கிடையாது. தார்ப்பாய் போர்த்திய புல்லையும் குடை பிடித்த கூட்டத்தையும் எத்தனையோ மாலைகள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம் ஃபெடரர். 2003, 2004, 2005, 2006, 2008, 2013, 2014, 2015, 2017, 2019 என்று ஹாலேயில் பத்துப் பட்டங்கள். அந்த ஊரில் ஒரு தெருவுக்கே அவர் பெயர். அவருடைய பேக்ஹேண்ட் ஸ்லைஸைப் பார்க்க ஹாலே போல இன்னொரு இடம் எனக்குத் தெரியவில்லை. பந்தை அவர் வெட்டியதும் அது வலைக்கு மேலே மெதுவாக மிதந்து போவதுபோலத் தெரியும். புல்லில் பட்ட மறுகணம் வழுக்கிக்கொண்டு ஓடும், கணுக்காலுக்கு மேல் எழும்பாது. எதிரில் நிற்பவர் முட்டியை மடக்கி, மட்டையைத் தரையோடு உரசுவதுபோல் இறக்கி, எப்படியோ தூக்கிக் கொடுப்பார். அந்தப் பந்து வந்து விழுவதற்குள் ஃபெடரர் வலைக்கு அருகே வந்து நின்றிருப்பார். கூரை மூடியிருக்கும் நாட்களில் பந்து மட்டையில் படும் சத்தம் அரங்கத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும். காற்றில்லை, முகத்தில் வெயில் இல்லை, டாஸ் போட்ட பந்து ஒரு விரற்கடை கூட விலகாது. அவருடைய ஆட்டத்துக்குக் கண்ணாடி பிடித்ததுபோல் இருக்கும்.

எனக்குச் சந்தேகம் தொடங்கிய இடமும் அதுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஹாலேயையா, ஃபெடரரையா?

கணக்கைப் பாருங்கள். ஹாலேயில் ஜெயித்து அதே வருடம் விம்பிள்டனையும் ஜெயித்தது ஐந்து முறை நடந்திருக்கிறது: 2003, 2004, 2005, 2006, 2017. ஐந்தும் ஃபெடரர். அவரைத் தவிர 2025 வரை ஒருவர்கூட இல்லை. குயின்ஸ் பக்கம் வாருங்கள். 1981, 84-ல் மெக்கன்ரோ, 82-ல் கானர்ஸ், 85-ல் பதினேழு வயது பெக்கர், 95, 99-ல் சாம்ப்ராஸ், 2002-ல் ஹெவிட், 2008-ல் நடால், 2013, 2016-ல் மர்ரே, 2023-ல் அல்கராஸ். 1981-லிருந்து எண்ணினால் மட்டும் எட்டுப் பேர், பதினோரு முறை. சர்வ் போட்டு வலைக்கு ஓடி வந்து, பந்து தரையில் படும் முன்பே வாலி அடித்தவர்கள் இதில் உண்டு. ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனை விட்டு நகர மனமில்லாத ஹெவிட் உண்டு. முந்தைய ஞாயிறு பாரிஸில் கோப்பையைத் தூக்கிவிட்டு, அடுத்த ஞாயிறே குயின்ஸ் இறுதியில் ஜோகோவிச்சை வென்ற நடாலும் உண்டு. ஆட்ட பாணி எதுவானாலும், புல்லில் தேறியவரை குயின்ஸ் அடையாளம் காட்டியிருக்கிறது.

குயின்ஸ் 1890-லிருந்து நடக்கிறது, ஹாலேவுக்கு வயது குறைவு, இந்த ஒப்பீடு நியாயமா என்று கேட்கலாம். சரி, 1993-க்குப் பிறகு மட்டும் எண்ணுவோம். குயின்ஸுக்கு ஏழு முறை, ஐந்து வீரர்கள். ஹாலேவுக்கு ஐந்து முறை, ஒரே வீரர்.

இதற்கு எதிராக என்னிடமே ஒரு வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இரண்டு போட்டிகளின் சாம்பியன்களும் விம்பிள்டனில் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் என் நினைவில் அழியாமல் நிற்பவை ஐந்து. 2003 அரையிறுதி, 2004 இறுதி, 2005 இறுதி மூன்றிலும் ஹாலேயின் ஃபெடரர் குயின்ஸின் சாம்பியனான அமெரிக்க வீரர் ஆண்டி ராட்டிக்கை வென்றார். 2015 அரையிறுதியில் மர்ரேயை வென்றார். குயின்ஸ் திருப்பிக் கொடுத்தது ஒரே ஒரு தடவை: 2008 இறுதியில், இருட்டப்போகிற நேரத்தில், ஐந்தாவது செட்டை 9-7 என்று நடால் எடுத்தபோது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராட்டிக்கை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. குயின்ஸில் நான்கு பட்டங்கள் அவருக்கு. 2004-ல் அங்கே மணிக்கு 153 மைல் வேகத்தில் ஒரு சர்வ் போட்டார், அன்றைக்கு அது உலக சாதனை. அந்த வருட விம்பிள்டன் இறுதியில் முதல் செட் அவருடையது. மூன்றாவது செட்டில் அவர் முன்னிலையில் இருந்தபோதுதான் மழை குறுக்கிட்டது. திரும்பி வந்த ஃபெடரர் வலையை நோக்கி ஓட ஆரம்பித்தார், ஆட்டம் கை மாறியது. விம்பிள்டனில் அப்போது கூரை இல்லை. பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ உட்கார்ந்து எழுந்து வந்து, ஈரம் ஏறிய புல்லில் ஆட்டத்தை மாற்றிக்கொள்வது ஒரு தனித் திறமை. ஃபெடரருக்கு அது பிறவியிலேயே இருந்தது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், கற்றுத்தரும் இடம் திறந்த வானம் உள்ள குயின்ஸ்தான்.

2011 குயின்ஸ் இறுதிப்போட்டி மழையால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. சோங்காவிடம் முதல் செட்டை இழந்த மர்ரே, அடுத்த இரண்டையும் பிடித்து ஜெயித்தார். இரண்டாவது செட் டை பிரேக் வரை, அதாவது 6-6 ஆனபின் செட்டை முடிக்க ஆடும் கூடுதல் ஆட்டம் வரை போனது. அந்த ஆட்டத்தில் மர்ரேயின் கால்களை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். செம்மண்ணில் சறுக்கிப் போய்ப் பந்தை எடுக்கலாம், புல்லில் அப்படிப் போனால் இடுப்பு போய்விடும். அதனால் குட்டிக் குட்டி அடிகளாக வைத்து, கடைசி அடியில் எடையை இறக்கி, நின்று, அடித்து, உடனே திரும்ப வேண்டும். புல்தரை ஆட்டத்தில் பாதி அந்தக் குட்டி அடிகளில்தான் இருக்கிறது. முதல் நாள் புல் பச்சைப்பசேல் என்று ஈரப்பதத்தோடு இருக்கும், ஆட்கள் வழுக்கி விழுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பேஸ்லைன் ஓரம் தேய்ந்து பழுப்பாகி, பந்து ஏறுக்குமாறாக எழும்பும். குயின்ஸில் இந்த மாற்றத்தை நாள் நாளாகப் பார்க்கலாம்.

ஜெயித்தவர் எல்லாம் விம்பிள்டனில் ஜெயித்துவிடுவார் என்று குயின்ஸ் எந்த உத்தரவாதமும் தரவில்லை. இவான் லெண்டில் கதை போதும். விம்பிள்டனுக்காகவே 1990-ல் பிரெஞ்சு ஓப்பனை விட்டுவிட்டுப் புல்லில் பயிற்சி எடுத்தார். குயின்ஸில் மெக்கன்ரோவையும் பெக்கரையும் வரிசையாக வீழ்த்திப் பட்டம் வென்றார், அது தொடர்ந்து இரண்டாவது முறை. விம்பிள்டன் அரையிறுதியில் எட்பர்க் வழியை மறித்துவிட்டார். கடைசி வரை அவருக்கு அந்தக் கோப்பை வாய்க்கவில்லை. பிற்பாடு பயிற்சியாளராக மர்ரேயோடு சேர்ந்தார். மர்ரே விம்பிள்டன் ஜெயித்த 2013, 2016 இரண்டு வருடங்களிலும் லெண்டில்தான் உடனிருந்தார். இரண்டு முறையும் முதலில் குயின்ஸ், பிறகு விம்பிள்டன். தனக்கு மூடியிருந்த கதவை இன்னொருவருக்குத் திறந்து விட்டதுபோல.

குயின்ஸும் மர்ரேயும் என்று தனியாகவே எழுதலாம். 2005-ல் பதினெட்டு வயதில் ஏடிபி சுற்றில் தன் முதல் வெற்றியைப் பெற்றது அங்கே. அப்புறம் ஐந்து பட்டங்கள், அது அந்தப் போட்டியின் சாதனை. 2019 ஜனவரியில் இடுப்பு அறுவை சிகிச்சை. ஜூனில் ஃபெலிசியானோ லோபஸோடு இரட்டையர் ஆட வந்தார், ஆடிப் பார்க்கலாம் என்ற அளவில். லோபஸுக்கு அப்போது 37 வயது. ஞாயிறு அன்று ஒற்றையர் இறுதியில் ஜில் சிமோனை மூன்றாவது செட் டை பிரேக்கில் வென்றுவிட்டு, அதே மூச்சில் திரும்பி வந்து மர்ரேயோடு இரட்டையர் பட்டத்தையும் வென்றார். உலோகத்தால் ஆன இடுப்போடு மர்ரே துள்ளியதைப் பார்த்து நான் அழுதேன். 2024-ல் தன் ஆயிரமாவது ஆட்டத்தையும் அவர் அங்கேதான் ஆடினார், ஜெயித்தார். அடுத்த ஆட்டத்தில் முதுகு வலி அவரை நிறுத்தியது. ஹாலேவுக்கு ஃபெடரர் தந்தது ஒரு பொற்காலம். குயின்ஸிடம் மர்ரேயின் தொடக்கம், உச்சம், வலி எல்லாமே இருக்கின்றன.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1959-ல் குயின்ஸ் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் நம் ராமநாதன் கிருஷ்ணன். இறுதியில் ஆஸ்திரேலியாவின் நீல் ஃப்ரேசரைத் தோற்கடித்தார். அடுத்த வருடம் விம்பிள்டன் அரையிறுதியில் அதே ஃப்ரேசர் பதிலடி கொடுத்து, பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். 1961-லும் கிருஷ்ணன் அரையிறுதிக்கு வந்தார், அப்போது எதிரில் ராட் லேவர். பெரிய சர்வ் இல்லாமல், கை நயத்தையும் பந்து வைக்கும் இடத்தையும் நம்பி ஆடியவர். மெக்கன்ரோ, பெக்கர், சாம்ப்ராஸ் பெயர்கள் வரும் அதே பட்டியலில், அவர்களுக்கெல்லாம் முன்னால் அவர் பெயர் இருக்கிறது. கிருஷ்ணனை அரையிறுதி வீரராகவே ஞாபகம் வைத்திருக்கிறோம். குயின்ஸ் சாம்பியன் என்று சொல்பவர்கள் குறைவு, எனக்கு அது பெரிய குறை.

இன்றைய வீரர்களை வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரிகிறது. அல்கராஸ் குயின்ஸ் பக்கம், சின்னர் ஹாலே பக்கம். 2024-ல் சின்னர் ஹாலேயில் ஜெயித்தார், விம்பிள்டன் கால் இறுதியில் மெத்வதேவிடம் தோற்றார். 2025-ல் ஹாலே இரண்டாவது சுற்றிலேயே பூப்ளிக் அவரை அனுப்பிவைத்தார், பட்டத்தையும் பூப்ளிக்கே வென்றார். மூன்று வாரம் கழித்து விம்பிள்டன் இறுதியில் குயின்ஸ் சாம்பியன் அல்கராஸை வென்றவர் சின்னர். ஹாலேயை வைத்து விம்பிள்டனைக் கணிக்க முயன்றால் இப்படித்தான் சறுக்கும். ஆனால் பூப்ளிக்கின் கை வேலையை, நடு ஆட்டத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலையை ஒட்டி விழும்படி அவர் தட்டிவிடும் டிராப் ஷாட்டை ரசிக்க ஹாலே அருமையான இடம். ஜோகோவிச்சோ இரண்டிலும் பட்டம் வென்றதே இல்லை. ஆனால் விம்பிள்டன் ஏழு.

பெண்கள் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. ஹாலே ஆண்கள் போட்டி. குயின்ஸில் 52 வருடத்துக்குப் பிறகு 2025-ல் பெண்கள் வாரம் திரும்ப வந்தது. தகுதிச்சுற்றிலிருந்து ஏறி வந்த டட்யானா மரியா, 37 வயதில், இரு பக்கமும் ஸ்லைஸ் ஸ்லைஸாக வெட்டியே ரைபாகினா, கீஸ், அனிசிமோவா மூவரையும் வீழ்த்திப் பட்டம் வென்றார். புல்லில் இன்னும் அப்படி ஆடி ஜெயிக்கலாம் என்று பார்த்ததில் எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமே வரவில்லை.

நம் நேரப்படி ஹாலே ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் வார நாட்களில் முதலில் ஹாலேயைப் போடுகிறேன், லண்டனில் ஆட்டம் தொடங்கியதும் மாற்றிவிடுகிறேன். குயின்ஸில் மழை என்றால் திரும்பவும் ஹாலே. சனி, ஞாயிறு மட்டும் இந்த மாற்றல் கிடையாது. மழை பெய்தாலும் ரிமோட்டைத் தொடுவதில்லை. தார்ப்பாயை உருட்டி எடுத்து, இரண்டு பேரும் வெளியே வந்து, ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று காலால் புல்லைத் தேய்த்துப் பார்ப்பார்களே, அதை விட்டுவிடக் கூடாது.